யாரோ உதைத்த மாதிரி

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு முதலில் வேண்டியது உட்கார ஓர் இடம். சாப்பாடு அப்புறம், பேச்சு அதற்கும் அப்புறம். நாற்காலியைப் பார்த்தாலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? காலையில் போனால் பொழுது சாய்கிற வரைக்கும் நின்றே செய்கிற வேலை. லாட்ஜுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புகிற சலவைக்கூடம் அது. அவள் மடிக்கிற பிரிவில் இருந்தாள். பெரிய உருளையிலிருந்து விரிப்பு சுடச்சுட வெளியே வரும்போது இந்த முனையை இவள் பிடிக்க, அந்த முனையை எதிரே நிற்கிற கண்ணாடிக்காரி பிடிக்க, இரண்டு பேரும் கிட்டே வந்து, விலகி, மறுபடியும் கிட்டே வந்து மடிப்பார்கள். விரல் நுனியெல்லாம் சூடுபட்டுக் காய்த்துப் போயிருந்தது. ஆனால் அவள் மடித்தால் ஓரம் ஒரு நூல் பிசகாது. அதனால் அங்கே அவளுக்குப் பேரே மடிப்பக்கா.

அப்படி நின்று களைத்து வீடு வந்தால், அங்கே ஒரு கால் அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

புருஷனுடைய கால். கட்டில் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், பழைய துண்டு, தலையணை எல்லாம் தயாராக இருக்கும். "வந்துட்டியா?" என்று கேட்பார். காலை நீட்டட்டுமா என்று அதற்கு அர்த்தம். அவள் முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கட்டிலுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஒரு வேலைதான் அவள் நாள் முழுவதிலும் உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்காகவே அவள் அதை வெறுக்காமல் இருந்தாள்.

இந்த மனுஷரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலும் இல்லை, பட்டாளமும் இல்லை. பார்சல் ஷெட்டில் சுமை ஏற்றி இறக்குகிற ஆட்களுக்குப் பகல் ஷிப்ட் மேஸ்திரி. வாலிப வயதில் ஷெட்டின் கால்பந்துக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். காலப்போக்கில் ஆட்டம் போனது, முடி போனது, தொப்பை வந்தது. பட்டம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தாய் இல்லாத மைத்துனனைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வளர்ந்ததும் அதே ஷெட்டில் வேலை வாங்கிக் கொடுத்தவர். அவள் கல்யாணமாகி வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்த பொடியன்தான் அந்தத் தம்பி. இப்போது அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்தான். இரவு ஷிப்ட். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்பு கீழே வந்து அக்கா வீட்டில்தான் சாப்பிடுவான். அதாவது, அந்தப் பந்தாட்டம் நடக்கிற வரைக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை ஷெட்டில் பகல் ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் கால்பந்து வைப்பார்கள். இந்த வருஷம் கேப்டன் தானும் ஆடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். இந்த வயதில் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, நீ வந்து பார் என்று மட்டும் சொன்னார். அவளும் போய்ப் பார்த்தாள். மைதானத்தின் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றாள். பந்து ஒன்று நடுவில் உருண்டு வந்தது. கேப்டன் அதை நோக்கிக் குபீரென்று கிளம்பினார். அவருக்குப் பின்னால், எதிரணியில் ஆடிய தம்பி துரத்திக்கொண்டு ஓடினான். இரண்டு எட்டு வைத்திருப்பார், அதற்குள் சட்டென்று நின்று திரும்பி, பின்னால் வந்த மைத்துனனின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டார். அந்தச் சத்தம் மைதானத்தின் ஓரம் வரைக்கும் கேட்டது.

"பின்னாடி இருந்தா உதைக்கிறே?" என்று கத்திவிட்டு அடுத்த அடி எடுத்து வைத்தவருக்குப் பாதம் நிற்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைத் தாண்டித்தான் ஓடினாள். "நான் தொடவே இல்லக்கா" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் புருஷன் தரையில் துடிக்கிறபோது நின்று கேட்க முடியுமா? அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று போய்விட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, படுக்கை. பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் கேப்டன் கதை சொன்னார். முதலில் யாரோ உதைத்த மாதிரி இருந்தது என்றுதான் சொன்னார். அடுத்த வாரம் மைத்துனன் உதைத்தான் என்று ஆனது. அதற்கும் அடுத்த வாரம் வேண்டுமென்றே, பூட்ஸ் முனையால், குறிபார்த்து உதைத்தான் என்று வளர்ந்தது. காரணமும் தயாராக இருந்தது. தன்னைப் பகல் ஷிப்டுக்கு மாற்றச் சொல்லும்படி தம்பி பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கேப்டன் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தில்தான் இப்படிச் செய்துவிட்டான் என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். சோறு போட்ட கையைக் கடித்தவன் என்று பேசினார்கள். ஷெட்டில் அவனுக்குக் கழுதை என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் பின்னாலிருந்து யாராவது கழுதை மாதிரிக் கத்துவார்கள். அவன் பின்னால் நிற்காதே, உதைப்பான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஊர் வாயை அவளால் மூட முடியாது என்று இருந்தாள். தம்பி ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தான். வாசலில் நின்றான். கேப்டன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு ராத்திரி தூங்காமல் கண்ணெல்லாம் எரிந்துகொண்டிருந்த அவள், "இப்ப வேணாம்டா, போ" என்று சொல்லிவிட்டாள். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு சாப்பிட வரவில்லை. மாடிப்படியில் எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவளுக்கும் உள்ளே ஒரு கோபம் இருந்தது. வளர்த்துவிட்ட மனுஷரை உதைக்க இவனுக்கு எப்படிக் கால் வந்தது என்ற கோபம். தம்பி மேல் கோபம், அவனைக் காணாமல் ஏக்கம், இரண்டையும் சுமந்துகொண்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். எதையும் யோசிக்க முடியாத அளவுக்குக் களைப்பு. உண்மையைச் சொன்னால், யோசிக்காமல் இருக்க அந்தக் களைப்பு வசதியாகவும் இருந்தது.

கட்டுப் பிரித்த அன்று அந்தக் கெண்டைக்காலைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பந்தை உதைத்து உதைத்துத் திரண்டிருந்த கால், சதை வற்றி, வேறு யாருடைய காலையோ கொண்டுவந்து ஒட்டின மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தினமும் இந்தத் தேய்ப்பு. எண்ணெயைக் கொஞ்சமாகத் தொட்டு, உள்ளங்கையால் கீழேயிருந்து மேலே, முழங்கால் மடிப்பு வரைக்கும் நீவ வேண்டும். அப்புறம் பெருவிரலால் கெண்டைச் சதையைச் சின்னச் சின்ன வட்டமாக அமுக்கிக்கொண்டே வர வேண்டும். தையல் போட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் கை பூனை மாதிரி நடக்க வேண்டும். அங்கே அழுத்தித் தேய்த்தால் வீங்கிவிடும். தேய்த்து முடிந்ததும் பயிற்சி. பாதத்தை முன்னால் நீட்டுவது, மெதுவாகத் திரும்பக் கொண்டுவருவது, கணுக்காலைச் சுற்றுவது, உட்கார்ந்தபடியே குதிகாலை மட்டும் தூக்கி இறக்குவது. கேப்டன் இதையெல்லாம் யாரோ விசில் ஊதின மாதிரி வேக வேகமாகச் செய்வார். மெதுவாகச் செய்யுங்கள், மெதுவாகச் செய்யுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் எம்பி நிற்பதைச் சமீபத்தில்தான் ஆரம்பித்திருந்தார். எம்பி நிற்கிறபோது பெருமையாக அவளைத் திரும்பிப் பார்ப்பார். அவள் தன் வீங்கின பாதங்களைத் தேய்த்துக்கொண்டே, நன்றாக இருக்கிறது என்பாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரம்மா வாசலில் நிறுத்தி, "உன் தம்பி ரூமைக் காலி பண்றானாமே? வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்காம். உன்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள். நாளைக்கு விடிந்தால் கிளம்புகிறானாம் என்று வீட்டுக்காரம்மாவே சொன்னாள். சொன்னான், சொன்னான் என்று இவள் சமாளித்துவிட்டு நடந்தாள். கூடப் பிறந்தவன் ஊரைவிட்டுப் போவதை வீட்டுக்காரம்மா சொல்லித் தெரிந்துகொள்கிற நிலைமை வந்துவிட்டதே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள். அன்றைக்கு அவள் பிடித்த முனை இரண்டு தடவை கை நழுவியது. கண்ணாடிக்காரி ஒன்றும் கேட்கவில்லை. விரிப்பை உதறி மறுபடியும் முதலிலிருந்து பிடித்தாள்.

அன்று மத்தியானத்துக்கு ஏற்கெனவே அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். பிசியோதெரபி பார்க்கிற பெண், வீட்டில் தேய்த்துவிடுகிறவரை ஒரு தடவை அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தையல் போட்ட தோல் கீழே ஒட்டிக்கொண்டு நெகிழாமல் இருந்தது, அதற்குத் தனியாக ஒரு முறை காட்ட வேண்டுமாம். இதுவரைக்கும் கேப்டன் ஷெட்டு வண்டியில் தனியாகத்தான் போய் வந்தார். அன்று இருவரும் போனார்கள்.

சின்னப் பெண்தான். சிரித்த முகம். கேப்டனைக் குப்புறப் படுக்க வைத்து, தையல் கோட்டின் மேல் பெருவிரலை வைத்து, தோலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக நகர்த்திக் காட்டினாள். இவள் கையை எடுத்துத் தானே அந்த இடத்தில் வைத்து, "இழுக்காதீங்கக்கா. சும்மா நகர்த்துங்க. அதுவா விட்டுக் குடுக்கும்" என்றாள். கால் நன்றாகத் தேறி வருகிறது, இனி மாடிப்படியும் ஏறலாம் என்றாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில், கைப்பிடியை மட்டும் விடக் கூடாது. அதைச் சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தவள் பேச்சுவாக்கில் இதையும் சொன்னாள்.

"நேத்துக்கூட ஒருத்தர் இதே மாதிரி வந்தாரு சார். உங்கள மாதிரியேதான், யாரோ பின்னாடி இருந்து உதைச்ச மாதிரி இருந்துச்சுன்னு திரும்பிப் பாத்தாராம். ஒருத்தருமே இல்லயாம். இந்த நரம்பு அறுந்தா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்."

தையலின் மேல் இருந்த இவள் கை நின்றுவிட்டது. அப்படியானால் யாரும் உதைக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

"உதைச்சா இது இப்படி அறாதுக்கா. சூடேறாத உடம்போட திடீர்னு ஓடினா தானா அறுந்துடும். பெரிய டாக்டர் முதல் நாளே சாருக்கு விளக்கிச் சொன்னாரே. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

கேப்டன் குப்புறப் படுத்தபடியே இருந்தார். திரும்பவில்லை. அவர் பிடரி மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

வீடு வருகிற வரைக்கும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இல்லை, அவர் பேசினார். வெயிலைப் பற்றிப் பேசினார், வண்டி குலுங்குவதைப் பற்றிப் பேசினார், அந்தப் பெண்ணின் கை ராசியைப் பற்றிப் பேசினார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் நாளே தெரியுமாம். முதல் நாள்! தம்பி வாசலில் வந்து நின்றபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாரே, அப்போதே தெரியும். வந்தவனுக்கும் போனவனுக்கும் பூட்ஸ் முனை என்று காது புளிக்கச் சொன்னாரே, அப்போதும் தெரியும். இவள் நாள் முழுக்க நின்ற காலோடு வந்து உட்கார்ந்து அந்தக் காலைத் தேய்த்தபோதெல்லாம் தெரியும். அவளுக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த நிமிஷம் அதுவும் களைத்து அடங்கி, எங்காவது படுத்துவிட்டால் போதும் என்று இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் வழக்கம்போல முகம் கழுவினாள், தண்ணீர் குடித்தாள், முக்காலியைப் போட்டாள். கேப்டன் தயங்கித் தயங்கிக் காலை நீட்டினார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தொட்டாள். கீழேயிருந்து மேலே. கீழேயிருந்து மேலே. சத்தம் போட்டிருந்தால்கூட அந்த மனுஷருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சத்தமே போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராலேயே பொறுக்க முடியவில்லை.

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன். மறுநாளே எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. அத்தன பேரு முன்னாடி கை நீட்டிட்டேனே. ஒண்ணுமே இல்லாததுக்கு அடிச்சேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். "நாளாக நாளாக நானே அவன் உதைச்சான்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தையல் கோட்டுக்கு வந்தாள். அந்தப் பெண் காட்டிய மாதிரியே பெருவிரலை வைத்துத் தோலை நகர்த்தினாள். ஓர் அழுத்து அழுத்தினால் இவர் அலறுவார் என்று தெரியும். அப்படி ஒரு நினைப்பு வந்ததும் வாஸ்தவம்தான். அழுத்தவில்லை. முடித்து, துண்டால் துடைத்து, காலைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அவன் காலையில ஊரை விட்டுப் போறான், தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

அவருக்குத் தெரியாது. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"மாடிப்படி ஏறலாம்னு சொல்லியிருக்காங்க. எழுந்திரிங்க."

நாளைக்கு ஏறலாமே என்றார். கால் கடுக்கிறது என்றார். அவனைக் கீழே கூப்பிட்டு அனுப்பலாமே, வந்தால் பேசிவிடலாமே என்று இழுத்தார். இழுத்தடிப்பதில் அவரை யார் மிஞ்ச முடியும்? அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க நின்று பழகியவள், அவளால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடியும். கடைசியில் அவர் எழுந்தார்.

கைப்பிடியைப் பிடித்தார். நல்ல கால் மேலே, அடிபட்ட கால் அதன் பக்கத்தில். மறுபடியும் நல்ல கால். அவர் தடுமாறினால் பிடிப்பதற்காக அவள் பின்னாலேயே ஏறினாள். முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். திரும்பி அவளைப் பார்த்தார். போகலாமா கீழே என்கிற பார்வை. அவள் அசையவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கெண்டைக்கால் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கியது. அவளுக்கும் முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலத்தான் இருந்தது. இந்த வீட்டில் ஒரு நரம்பு அறுந்தால் அதற்கு எத்தனை பேர் நொண்ட வேண்டியிருக்கிறது என்று நினைத்தாள். உட்காரட்டும் என்று படியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, நடுக்கம் அடங்குகிற வரைக்கும் அந்தக் காலை நீவிவிட்டாள். வேறு என்ன செய்வது, பழகிப்போன கை. அப்புறம் மறுபடியும் ஏறினார்கள்.

மொட்டை மாடி அறையில் கதவு திறந்தே கிடந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தான். வியர்த்து வழிந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தானைப் பார்த்ததும் ஒரு கணம் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் குதித்து எழுந்து, அறையில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான். பழக்க தோஷம். வைத்த பிறகுதான் கோபம் நினைவுக்கு வந்த மாதிரி சுவரோரமாக விலகி நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு இதைக்கூட நான் பார்க்கவில்லையே என்று அவளுக்குப் பகீரென்றது.

ஷெட்டு முழுக்க அதிரும்படி கத்துகிற கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நீ உதைக்கலடா. நரம்பு தானா அறுந்துச்சு. எனக்கு மொதல்லேருந்தே தெரியும்."

கத்துவான், சட்டையைப் பிடிப்பான், வெளியே போ என்பான் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் அப்படி எதுவும் செய்யவில்லை. அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நிஜமாவா அத்தான்?" என்று கேட்டான். "நான் உதைக்கலயா?"

கேப்டன் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாயிடுச்சு. ஓடுற வேகத்துல என் கால் பட்டிருக்குமோ, எனக்குத் தெரியாம பட்டிருக்குமோன்னு. அந்த ஷூவை எடுத்து எடுத்துப் பாத்துட்டிருந்தேன். தூக்கமே இல்ல."

கேப்டன் அழுதுவிட்டார். கைலி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை எடுத்து ஷெட்டுக்குப் போட்டார். இரவு ஷிப்ட் ஆட்கள் வந்து சேர்கிற நேரம். அந்த ஷிப்ட் மேஸ்திரி எடுத்தான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வை என்றார். என் மைத்துனன் என்னைத் தொடவே இல்லை, டாக்டர் முதல் நாளே சொன்னார், நான்தான் மானம் போகுமே என்று மறைத்தேன், இனிமேல் அவனை யாராவது அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பேர் எனக்குத்தான் சேரும் என்று ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ ஒருவன் கழுதை மாதிரிக் கத்தினான். பெரிய சிரிப்புக் கேட்டது. கேப்டன் அதை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

தம்பி சிரிக்கவில்லை. அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான் சொன்னதுகூடப் பெரிசா தெரியலக்கா. அவருக்கு வலி. நீ வந்து கேப்பேன்னு இருந்தேன். உதைச்சியாடான்னு நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா, இல்லன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்ல. அக்காவே கேக்கலன்னா, சரி, நான்தான் உதைச்சிருக்கேன் போலன்னு விட்டுட்டேன்."

வேலை, களைப்பு, கால், ஆஸ்பத்திரி என்று சொல்ல அவளுக்கு எத்தனையோ இருந்தன. எல்லாம் உண்மைதான். ஒன்றைக்கூட அவள் எடுத்துச் சொல்லவில்லை. மாடிப்படியில் தினமும் எதிரே வந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்க எந்தக் களைப்பும் குறுக்கே நிற்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்தாள். திணித்துக் கசங்கியிருந்த சட்டைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து, மறுபடியும் உள்ளே அடுக்கினாள்.

போக வேண்டாம் என்று கேப்டன் சொல்லிப் பார்த்தார். பகல் ஷிப்டுக்கு நாளைக்கே பேசுகிறேன் என்றார்.

"அங்க வர்றேன்னு பேசியாச்சு அத்தான், போகத்தான் வேணும்" என்றான் தம்பி. "நேத்து வரைக்கும் ஓடிப் போறதா இருந்தேன். இப்ப சும்மா போறேன். அவ்வளவுதான்."

இறங்குகிறபோது அடிபட்ட கால் முதலில். முன்னால் ஆள் இருந்தால்தான் கேப்டனுக்குத் தைரியம். தம்பி அவருக்கு முகம் காட்டிப் பின்பக்கமாக இறங்கினான், இரண்டு கையாலும் அவர் இடுப்பைத் தாங்கிக்கொண்டு. மெதுவா அத்தான், மெதுவா என்று சொல்லிக்கொண்டே போனான். அவளுக்கு அதைச் சொல்லுகிற வேலை ஒரு நாளைக்காவது மிச்சம். அவர்களுக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள்.

வீட்டு வாசலில் அத்தானை நாற்காலியில் விட்டுவிட்டுத் தம்பி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வருவதா, மேலே போவதா என்று தெரியாமல் கையைப் பிசைந்தான். வேறு நாளாக இருந்தால் அவள் ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்து வைத்திருப்பாள். அவனுக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு குழம்பு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அன்று தட்டை எடுக்கவில்லை. கால் இரண்டும் விண்ணென்று தெறிக்க, அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"பசிக்குதாடா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவன் வாயைத் திறந்து பதில் சொல்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.